ராஷ்டிரபதி விருது: லாக் புக்கை யார் எழுதுவது?

பெரம்பூரிலிருந்து ஒரு தாயின் கேள்வி, 5 ஜூலை 2025

என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஆறாவதில் சாரணர் படையில் சேர்ந்தான், துவிதிய சோபான் என்ற படி வரை முடித்துவிட்டான். சாரணர்களுக்கான உயர்ந்த விருதான ராஷ்டிரபதி விருது வரை போய்விட்டால் பின்னால் உதவும் என்று அவன் அப்பா சொல்கிறார். பையனுக்கோ கொஞ்ச நாளாக ஆர்வம் இல்லை. கேம்ப் என்றால் ஓடுகிறான், முகாமில் செய்ததையெல்லாம் எழுதிவைக்கும் லாக் புக்கை எழுது என்றால் மட்டும் உட்காரமாட்டேன் என்கிறான். அவன் சொல்லச் சொல்ல நானே எழுதிக் கொடுத்துவிடலாமா? மற்ற பிள்ளைகளின் வீட்டில் அப்படித்தான் செய்கிறார்களாம். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

5 ஜூலை, இரவு

லாக் புக்கை நீங்கள் எழுதாதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

6 ஜூலை, காலை

நேற்று ஒரே வரியில் முடித்துவிட்டேன், தூக்கம் வரவில்லை. ராயபுரம் பக்கம் ஒரு பள்ளியில் இருபத்தெட்டு வருடம் சாரண ஆசிரியராக இருந்தவன் நான். வீடு சைதாப்பேட்டை. தினமும் பீச் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து நடை. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் பாதை. பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான், அதற்கு மேல் ராஜ்ய புரஸ்கார், கடைசியில் ராஷ்டிரபதி விருது. ராஜ்ய புரஸ்கார் ஆளுநர் பெயரில் வருவது, கடைசி விருது குடியரசுத் தலைவர் பெயரில் வருவது. ஒவ்வொரு படிக்கும் இடையில் கட்டாயமாக இத்தனை மாதம் என்று கணக்கு உண்டு. எப்படிக் கூட்டினாலும் மொத்தம் மூன்று நான்கு வருடம் ஆகும். ஆறாவதில் சேர்ந்த பையன் தடையில்லாமல் போனாலும் மேல் படிகள் பத்தாம் வகுப்பில் வந்து நிற்கும். பொதுத்தேர்வும் ராஜ்ய புரஸ்காருக்குத் தேர்வு நடக்கும் டெஸ்டிங் கேம்பும் ஒரே வருடத்தில் மோதும். பாதிப் பிள்ளைகள் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். ஆர்வம் போனதால் இல்லை, வீட்டில் ஷூவை எடுத்துப் பரணில் போட்டுவிடுவதால்.

அதனால் எட்டாவதில் இருக்கும்போதே கணக்குப் போட்டு வையுங்கள். திருதிய சோபானை ஒன்பதாவது பாதிக்குள் முடித்தால் பத்தாவதில் மூச்சு விட நேரம் இருக்கும்.

அவன் அப்பா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு என்று தனியாக ஆள் எடுக்கிறார்கள், அதற்கு ராஷ்டிரபதி விருது ஒரு தகுதி. இடங்கள் ரொம்பக் கொஞ்சம். பெரம்பூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பதின்மூன்று வயதுப் பையனிடம் இதைச் சொல்லி முடிச்சுப் போட வைக்க முடியாது.

6 ஜூலை, மாலை

எழுதக்கூடாது என்று ஏன் அவ்வளவு கறாராகச் சொன்னேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு காலத்தில் நானே எழுதியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில். காசிமேட்டுப் பையன் ஒருவன் என் படையில் இருந்தான். அப்பாவுக்குப் படகில் வேலை, அம்மா கூடையில் மீன் விற்பவர். வகுப்பில் பேசவே மாட்டான். முதல் முடிச்சு வகுப்பில் ஷீட் பெண்ட் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வேறு தடிமன் கயிற்றைச் சேர்க்கும் முடிச்சு. நான் கரும்பலகையில் படம் போட்டு முடிப்பதற்குள் அவன் கையில் முடிச்சு இருந்தது. "இது வலை முடிச்சு சார்" என்றான். வலையின் ஒவ்வொரு கண்ணும் அதே முடிச்சுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். போலைன் என்ற முடிச்சுக்கும் அவன் வீட்டில் வேறு பெயர் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து முடிச்சு வகுப்பை அவனிடமே விட்டேன். மற்ற பிள்ளைகள் அவனைச் சுற்றி உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள்.

சவுக்குக் கம்பும் கயிறும் கொடுத்தால், கம்புகளைக் குறுக்காக வைத்துக் கட்டும் ஸ்கொயர் லாஷிங்கில் கேட் கட்டுவான், அதில் நாலு பேர் ஏறி நிற்கலாம். முதலுதவி, திசைகாட்டி, நெருப்பு மூட்டுவது எல்லாம் அப்படித்தான். எழுத்து மட்டும் வராது. ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகும், எழுதியதில் பாதி எனக்கே புரியாது. ராஜ்ய புரஸ்கார் டெஸ்டிங் கேம்புக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இவ்வளவு கெட்டிக்காரன் ஒரு நோட்டுப் புத்தகத்தால் தோற்கக் கூடாது என்று நினைத்தேன். அவன் சொன்னதையெல்லாம் கேட்டு, நாலு ராத்திரி உட்கார்ந்து நான் எழுதினேன். அவன் அதைப் பார்த்து எழுதினான்.

நான் ஆசிரியன், எனக்கு எழுத வரும். பழவேற்காடு ஹைக், அதாவது நடைப்பயணம், பற்றி எழுதும்போது மாலை வெளிச்சத்தில் மீன்கொத்தி ஒன்று தண்ணீரில் பாய்ந்ததாக ஒரு வரி சேர்த்தேன். நான் பார்த்த மீன்கொத்திதான். ஆனால் அவன் பார்த்ததில்லை.

தேர்வாளர் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார். "மீன்கொத்தி எந்தக் கரையிலிருந்து பாய்ந்தது தம்பி?" என்று அன்பாகத்தான் கேட்டார். பையன் தூரத்தில் நின்ற என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்து, "அது சார் எழுதினது" என்றான்.

சாரணர் சட்டம் ஒன்பது. முதலாவது, சாரணர் நம்பகமானவர். உறுதிமொழி எடுத்த நாளில் மூன்று விரலை உயர்த்த வைத்து அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அந்த வருடம் அவன் தேர்வாகவில்லை. அடுத்த வருடம் படைக்கே வரவில்லை.

7 ஜூலை

"பையன் விருப்பப்பட்டால் போகட்டும், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்" என்று இங்கே இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். என்னுடைய முதல் பதிலைப் படித்தாலும் அப்படித்தான் தோன்றும். அதை மாற்றிச் சொல்ல வேண்டும்.

பதின்மூன்று வயதில் எதில்தான் தொடர்ந்து விருப்பம் இருக்கும்? நான் பார்த்த ராஷ்டிரபதி சாரணர்கள் எல்லோரும் நடுவில் ஒரு தடவையாவது "போதும் சார்" என்றவர்கள்தான். வீட்டில் விஷயம் தெரிந்தவர்கள் இருக்கும் பிள்ளையை யாராவது இழுத்துப் பிடிப்பார்கள். வீட்டில் யாருக்கும் ராஜ்ய புரஸ்கார் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளையை நாமும் "அவன் விருப்பம்" என்று விட்டால், அதற்குப் பெயர் சுதந்திரம் இல்லை, கைவிட்டது. அந்தப் பிள்ளையின் வீட்டுப் படியேற வேண்டும். பெற்றோர் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்ட வேண்டும். சீருடைச் சட்டை சின்னதாகிவிட்டால் அண்ணன்மார் விட்டுப்போன சட்டையைத் தேடிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை வரவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் காசிமேட்டுப் பையனுக்கு நான் செய்தேன். செய்துவிட்டு அதற்கு மேலும் ஒரு அடி போய்ப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

7 ஜூலை, இரவு

மகளுக்கும் இதே வழிதானா என்று அம்பத்தூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். ஆமாம், சாரணியருக்கும் அதே படிகள், அதே விருது. பாடத்தைவிட இரவு தங்கும் முகாம்தான் வீட்டில் பிரச்சினையாகும். ஒரு தடவை நீங்களே முகாம் இடத்துக்குப் போய்ச் சாரணிய ஆசிரியையைப் பாருங்கள், கழிவறை எங்கே இருக்கிறது, இரவுக் காவல் யார் என்று கேளுங்கள். கேட்டால் அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள். அப்புறம் தைரியமாக அனுப்புங்கள்.

9 ஜூலை

லாக் புக்கில் என்னதான் எழுதுவது என்று அந்தத் தாய் மறுபடி கேட்டிருக்கிறார். இது நல்ல கேள்வி.

பிள்ளைகள் "காலை 6 மணிக்கு எழுந்தோம், உடற்பயிற்சி செய்தோம், சிற்றுண்டி உண்டோம்" என்று எழுதுவார்கள். அலுப்பு வராமல் என்ன செய்யும்? எழுதச் சொல்வதற்கு முன் அவனுடைய கை செய்த ஒரு காரியத்தைப் பற்றிக் கேளுங்கள். மரத்தின் உயரத்தை எப்படிக் கண்டுபிடித்தாய்? கையை நீட்டிக் குச்சியைப் பிடித்து, மரத்தின் நுனியும் அடியும் குச்சிக்குள் அடங்கும்படி தள்ளி நின்று, அப்புறம் குச்சியைப் படுக்க வைத்து, நண்பனை மரத்தடியிலிருந்து பக்கவாட்டில் நடக்கச் சொல்லி, குச்சியின் நுனி வந்ததும் நிறுத்தி, அந்தத் தூரத்தை அளந்தேன் என்று சொல்வான். எந்த மரம்? எங்கள் பள்ளித் தென்னை. எவ்வளவு வந்தது? அப்புறம் சண்டை ஆரம்பிக்கும், ஏனென்றால் ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு அளவு வந்திருக்கும். அந்தச் சண்டையை எழுதச் சொல்லுங்கள்.

படம் போடட்டும். வரைபடம் போடட்டும். ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து பள்ளி வரை காலடி எண்ணி வரைபடம் போடுவது என் படையில் வழக்கம். 1856-ல் திறந்த நிலையம் அது, தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் காகிதத்தைக் கொடுப்பேன். ஒரு பையன் வரைபடத்தில் நிலையத்தைச் சின்னதாகவும் எதிரில் இருந்த பரோட்டாக் கடையைப் பெரிதாகவும் போட்டிருந்தான். அளவு தப்பு என்றேன். "முக்கியமானதைப் பெரிசாப் போடணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றான். படையே சிரித்தது, எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் திரும்பப் போய் எண்ணி, இரண்டாம் வரைபடத்தைச் சரியாகப் போட்டுக்கொண்டு வந்தான். அவன் லாக் புக்கில் இரண்டு வரைபடமும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன.

எழுத்து நிஜமாகவே வராத பிள்ளைக்கு? சொல்லட்டும், ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள், அவனே கேட்டு அவன் வார்த்தையில் எழுதட்டும். நாலு வரி போதும். எனக்கு அன்றைக்கு இது தோன்றவில்லை.

10 ஜூலை

கொஞ்சம் வழி விலகிப் போகிறேன். சென்னையில் சாரணர் இயக்கம் என்றாலே எனக்கு அடையாறு நினைவுக்கு வரும். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கே இருந்த சாரணர் படைகளில் இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் அம்மையார், அவரோடு பணியாற்றிய அருண்டேலோடு சேர்ந்து, நம் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார். 1921-ல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இந்தியா வந்தபோது அந்தச் சங்கம் பொது அமைப்போடு இணைந்தது. இப்போது இருக்கும் பாரத சாரண சாரணியர் அமைப்பு 1950 நவம்பர் 7-ல் உருவானது.

அனுமதி வாங்கி அந்தச் சபை வளாகத்தில் இருக்கும் அடையாறு ஆலமரத்தடிக்குப் பிள்ளைகளை ஹைக் கூட்டிப்போய் இந்தக் கதையைச் சொல்வேன். ஒரு தடவை ஏழாம் வகுப்புப் பொடியன் ஒருவன், "அப்போ நம்மளைச் சேர்க்கலைன்னா நாமளே ஆரம்பிக்கலாமா சார்?" என்று கேட்டான். ஆரம்பிக்கலாம் என்றேன். அடுத்த மாதம் அவன் தெருவில் எட்டுச் சிறுவர்கள், பள்ளிக்கே போகாத இரண்டு பேர் உட்பட, கழுத்தில் கிழிந்த துப்பட்டாவை ஸ்கார்ஃப் மாதிரிக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். சாரணர் முறைப்படி இடது கையால் எனக்குக் கை கொடுத்தார்கள். அவனை நான் தள்ளவே இல்லை. ராஷ்டிரபதி விருது வரை போனான்.

11 ஜூலை

அமெரிக்காவில் ஈகிள் ஸ்கவுட் என்று இருக்கிறதே, அது மாதிரியா என்று ஒருவர் கேட்கிறார். என் தங்கை பேரன் நியூ ஜெர்சியில் அதற்குத்தான் முயற்சி செய்துகொண்டிருக்கிறான், அவன் சொல்லித் தெரியும். மெரிட் பேட்ஜ் என்ற திறமைச் சின்னம் இருபத்தொன்று வேண்டும், பதினெட்டு வயது ஆவதற்குள் முடிக்க வேண்டும். அதோடு ஒரு சேவைத் திட்டத்தை அவனே யோசித்து, அவனே திட்டம் போட்டு, மற்றவர்களைச் சேர்த்து நடத்திக் காட்ட வேண்டும். அவன் ஒரு நூலகத்துக்கு பெஞ்சு செய்து கொடுக்கிறான். அவன் அம்மாவுக்குத் தச்சு வேலை நன்றாக வரும், ஆனால் சுத்தியலைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டானாம். அவள் சாண்ட்விச் மட்டும் செய்து கொடுக்கிறாள். அந்த ஊரானாலும் இந்த ஊரானாலும் பெரியவர்களுக்குக் கஷ்டமான இடம் ஒன்றுதான் போல.

12 ஜூலை

இதனால் என்ன பயன் என்று கேட்டவருக்கு. 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி அடையாறு கரை மீறியது. எங்கள் தெருவில் விடியும்போது இடுப்பளவுத் தண்ணீர். எதிர்வீட்டுப் பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார், தூக்கினால் அலறுவார். பக்கத்துத் தெருவில் என் பழைய மாணவன் ஒருவன், கல்லூரி முதல் வருடம். இரண்டு மூங்கில் கழியைக் கொண்டுவந்தான். தன் சட்டையையும் இன்னும் இரண்டு பேர் சட்டையையும் கழற்றி, பொத்தானைப் போட்டுக் கைப்பகுதி வழியாகக் கழிகளை நுழைத்தான். ஐந்து நிமிடத்தில் ஸ்ட்ரெச்சர். பாட்டியை ஏற்றுவதற்கு முன்னால் அதில் ஒரு பையனைப் படுக்கவைத்துத் தூக்கிப் பார்த்தான். அதைத்தான் நான் கவனித்தேன். சோதித்துப் பார்க்காமல் நோயாளியை ஏற்றாதே என்பது பாடம். அவ்வளவு பதற்றத்தில் எனக்கு அது மறந்திருந்தது.

அவன் ராஜ்ய புரஸ்காரோடு நின்றவன். பத்தாவதில் வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

14 ஜூலை

6-ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். முக்கியமான திருத்தம்.

காசிமேட்டுப் பையனோடு அதே அணியில் இருந்த இன்னொரு மாணவன் இதைப் படித்துவிட்டு நேற்றிரவு அழைத்தான். இப்போது தண்டையார்பேட்டையில் கடை வைத்திருக்கிறான். "சார், அவன் ஃபெயில் ஆகலை" என்றான்.

நடந்தது இதுதானாம். "அது சார் எழுதினது" என்று சொன்ன பிறகும் தேர்வாளர் அவனை அனுப்பவில்லை. முடிச்சு, முதலுதவி, முகாம் வேலை எல்லாவற்றிலும் அவன்தான் முதல். உண்மையைச் சொன்னதற்காகவே அவர் யோசித்திருக்கிறார், புத்தகத்தைத் திரும்ப எழுதிக்கொண்டு வா, ஒரு மாதம் தருகிறேன் என்றிருக்கிறார். நான் அப்போது சமையல் கூடாரத்துக்குப் போய்விட்டேன், நிற்க முடியவில்லை எனக்கு. அவன் மேசையிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "நான் அடுத்த வருஷம் வரேன் சார்" என்று வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டான். எனக்குக் கொடுத்த பட்டியலில் அவன் பெயர் இல்லை, நான் தோல்வி என்று எடுத்துக்கொண்டேன். போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருடம் அவன் வராததற்கும் அது காரணம் இல்லையாம். அப்பாவுக்குக் கால் அடிபட்டு, இவன் படகில் ஏற வேண்டியதாகிவிட்டது. "உங்ககிட்ட சொல்லத்தான் வந்தான் சார், நீங்க ஏதோ மீட்டிங்ல இருந்தீங்க."

முப்பது வருடமாக என் மனதில் இருந்த கதை வேறு. லாக் புக் விஷயத்தில் நான் செய்தது தப்புதான், அதில் மாற்றமில்லை. ஆனால் என் தப்புதான் அவன் வாழ்க்கையைத் திருப்பியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, அவனைச் சரியாகப் பார்க்காததால் வந்தது. அவன் தானாக முடிவெடுத்திருக்கிறான், இரண்டு தடவை.

15 ஜூலை

அவனுடைய எண் கிடைத்தது. மனைவிதான் எடுத்தார். இப்போது அவனுக்குச் சொந்தப் படகு. தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்துவிட்டதால் கடலுக்குப் போயிருக்கிறானாம், திரும்ப நாலைந்து நாள் ஆகும். "ஸ்கவுட் சாரா? வீட்ல எந்த மூட்டையைக் கட்டினாலும் உங்க பேரைச் சொல்லுவாரு" என்றார். வந்ததும் காசிமேட்டுக்குப் போகிறேன்.

19 ஜூலை

அந்தத் தாய் எழுதியிருக்கிறார். நேற்று முகாமிலிருந்து வந்த பையனிடம் எதுவும் சொல்லாமல் நோட்டையும் பேனாவையும் மேசையில் வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாராம். அரைமணி கழித்து வந்து பார்த்தால் மூன்றே வரி: "ராத்திரி மழை. எங்கள் டென்ட் விழுந்தது. மற்ற டென்ட் விழவில்லை." இவ்வளவுதான் எழுதியிருக்கிறான், இதை எப்படிக் காட்டுவது என்று கவலைப்படுகிறார்.

அம்மா, அதில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாதீர்கள். இன்றைக்கு அவன் சாப்பிடும்போது, கயிறு கட்டும் முளையை, அதுதான் பெக்கை, டென்ட் பக்கம் சாய்த்து அடித்தாயா, வெளிப்பக்கம் சாய்த்து அடித்தாயா என்று மட்டும் கேளுங்கள். எது சரி என்று உங்களுக்குத் தெரிந்தாலும் சொல்லாதீர்கள். மழையில் நனைந்து கயிறு இறுகியிருக்குமே, ராத்திரி யாராவது எழுந்து தளர்த்தினார்களா என்று நாளைக்குக் கேளுங்கள்.